மூன்றாம் தரமும் ஏ.எல். எதற்கு?

அக்கா, நீங்கள் அனுப்பிய வொய்ஸ் கேட்டேன். மகளுக்கு மெடிசின் வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி போதவில்லை, திருகோணமலை கோணேசபுரி கம்பஸில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது, சொந்தக்காரர் "சித்தமா?" என்று முகம் சுளிக்கிறார்கள், கனடா அண்ணன் ஏ.எல். உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தரமும் எடுக்கட்டும், சரிவராவிட்டால் வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்கட்டும் என்கிறார். ஆறுதல் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். காணி விற்கிற கதை வந்ததும் மனம் மாறிவிட்டது.

உப்புவெளிக் காணியைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே டொக்டராகப் பதியலாம், ஏஜென்சிக்காரர் இதைப் பற்றி வாய் திறந்தாரா? அண்ணன் முதல் வருடம் காசு அனுப்புவார், சரி, டொலர் ஏற ஏற மிச்ச வருடங்களுக்கு யார் கட்டுவது?

கையில் இருப்பதைப் பாருங்கள். பி.எஸ்.எம்.எஸ். என்கிற சித்த மருத்துவப் பட்டம், 5 வருடப் படிப்பு, அப்புறம் 1 வருடம் உள்ளகப் பயிற்சி. அரச பல்கலைக்கழகம், கற்கைக் கட்டணம் கிடையாது, வருமானத்தைப் பொறுத்து மகாபொல அல்லது பேசரி உதவித்தொகையும் கிடைக்கலாம், நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் வீட்டிலிருந்தே போய் வரலாம். மூலிகை இடிப்பது மட்டும்தான் படிப்பு என்று நினைக்கிறார்கள். உடற்கூற்றியல், உடற்றொழிலியல் எல்லாம் இருக்கிறது, அதோடு மருந்துப் பொருள்களின் குணம் சொல்கிற குணபாடம், நோயைக் கண்டறிகிற நோய்நாடல், உடலின் வர்மப் புள்ளிகளைப் பற்றிய வர்மம், பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்கிற பயிற்சி. முடித்தால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்து சட்டப்படி வைத்தியம் பார்க்கலாம், 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்துக்குள் சித்தமும் அடங்கும். அரச நியமனம் உடனே வராது, காத்திருக்க வேண்டிவரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொந்தமாகக் கிளினிக் போடலாம், மேற்படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ போகலாம். சந்தேகமென்றால் ஒருநாள் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போய், வருகிற சனத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் பேசும்போது பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது: "அம்மா, அது நொச்சி இல்லை, ஆடாதோடை." வேலியில் நிற்கிற செடியைப் பேர் சொல்லித் திருத்துகிற பிள்ளையை இன்னொரு வருடம் ரியூஷன் கொட்டிலில் அதே பௌதிகப் பேப்பரோடு உட்கார வைக்கப் போகிறீர்களா? அவளுக்கே விருப்பமில்லை என்றால் நான் வாய் திறக்க மாட்டேன், அதனால் முதலில் அவளிடம் கேளுங்கள், கனடா மாமா லைனில் இல்லாத நேரமாகப் பார்த்து.

பதிவுத் திகதி தாண்டினால் இந்த இடம் போய்விடும். அண்ணனுக்கு விளக்கம் வேண்டுமென்றால் என் நம்பரைக் கொடுங்கள், இரவு எட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.