விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. பால் புட்டியை வாயில் வைத்தபடியேதான் தூங்குவான். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு தெரிகிறது. ஒரு பல் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. 'விழப்போகிற பல்தானே' என்கிறார் மாமியார். தேய்க்கப் போனால் வாயை இறுக மூடிக்கொள்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: மாமியார் சொல்வது முன்பற்களுக்குப் பொருந்தும், அவை ஆறேழு வயதில் விழுந்துவிடும். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் 10–12 வயதுவரை இருந்தாக வேண்டும். முன்பல்லில் தொடங்கும் சொத்தை அங்கேயே நிற்பதில்லை. கடைவாய்ப் பல்லைச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வரவேண்டிய நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் ஆரம்பம். நல்லவேளை, கண்ணில் பட்டது. பலர் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். வாயில் தேங்கும் பாலின் சர்க்கரையை அங்குள்ள கிருமிகள் அமிலமாக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் முதல் அடி மேல் முன்பற்களுக்கு. குழி விழாதவரை அந்தக் கோட்டை ஃப்ளோரைடு பூச்சு போட்டுச் சரிசெய்ய வாய்ப்புண்டு. பழுப்பேறிய பல்லைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடே விழித்திருக்கும். முதலில், பாலில் சர்க்கரை போடுவதாக இருந்தால் அதை நிறுத்துங்கள். பிறகு படுக்கைப் புட்டியில் மட்டும் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டி, ஓரிரு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவந்துவிடலாம். குடிக்க வேண்டிய பாலை ராத்திரிச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்துவிட்டு, பல் தேய்த்துப் படுக்கவையுங்கள்.

தேய்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்களும் கணவரும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருங்கள். குழந்தை அவர் பக்கம் முகம் வைத்து, அவர் இடுப்பின் இருபுறமும் காலைப் போட்டு உட்காரட்டும். அப்படியே மல்லாக்கச் சாய்த்தால் தலை உங்கள் மடிக்கு வந்துவிடும். கைகளை அவர் பிடித்துக்கொள்வார். ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அழுவான், அழுதால் வாய் திறக்கும், உங்களுக்கு வேலை சுலபம். காலையில் ஒருநாள் தவறினாலும் ராத்திரி தவறக் கூடாது.

பேஸ்டின் அட்டையில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட சில பேஸ்டுகளில் ஃப்ளோரைடே கிடையாது. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். நுரையைத் துணியால் துடைத்தெடுங்கள்; கொப்பளிக்கத் தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் உண்டு. அங்கே போர் தண்ணீர் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பேஸ்ட் வாங்குவது நல்லது.

'நானே தேய்க்கிறேன்' என்று பிரஷைப் பிடுங்கினால் கொடுங்கள், ஆனால் பிறகு நீங்கள் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயதுவரை இதுதான் கதி. இருமல் சிரப்பிலும் சர்க்கரை உண்டு. அதை ராத்திரி பல் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.