எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேரும் இணைய வகுப்பு: கேள்வி பதில்

ஹட்டன், ஆசிரியை: அக்கா, என் உயர்தர வகுப்பில் பார்வையற்ற ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். குறிப்புகளை பிடிஎப்பாக அனுப்பினேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் ஏதோ உளறுகிறதாம்.

பதில்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் டீச்சர். பாமினியில் நாம் பார்க்கும் ‘அம்மா’ கணினிக்கு எம், கே, செமிகோலன், கே, எச். எழுத்துரு கண்ணுக்கு மட்டும்தான் தமிழ் காட்டுகிறது. பிள்ளையின் காதில் விழுவது அந்த ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கணினி தமிழாகவே அறியும் யுனிகோடுக்கு மாற்றுங்கள், இலவச மாற்றிகள் இருக்கின்றன. அப்புறம், தலைப்புகளை வெறுமனே தடிப்பாக்காமல் வேர்டில் உள்ள தலைப்புப் பாணியில் போடுங்கள். நீளமான குறிப்பில் தலைப்புக்குத் தலைப்பு தாவ அவளுக்கு அதுதான் வழி. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா: லயத்துப் பக்கம் சிக்னல் இல்லை. சூம் அறுந்து அறுந்து வருகிறது.

பதில்: நேரலையை மட்டும் நம்ப வேண்டாம். பாடத்தைப் பேசிப் பதிந்தும் அனுப்புங்கள். பேச்சை விநாடிக்கு 32 கிலோபிட்டில் பதிந்தால் அரை மணிநேரப் பாடம் 7 எம்பி அளவுதான் வரும். காது கேளாத பிள்ளைக்கு அதையே எழுத்திலும் கொடுங்கள்.

பண்டாரவளை: மஞ்சள் எழுத்து, வெள்ளைப் பின்னணி சரியா?

பதில்: வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும்.

தலவாக்கலை: கரும்பலகையைப் படமெடுத்து பிடிஎப் ஆக்கலாமா?

பதில்: அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

நுவரெலியா, தட்டச்சுக்காரர்: பாமினியிலேயே கை பழகிவிட்டது. அச்சகமும் அதைத்தான் கேட்கிறது. ஒரு பிள்ளைக்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறீர்களா?

பதுளை: அண்ணன் சொல்வதும் நியாயம்தானே அக்கா?

பதில்: இல்லை. அண்ணா, கைப்பழக்கத்தை விடவே வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைகளையே தட்டலாம், யுனிகோடாக விழும். மூலம் யுனிகோடில் இருக்கட்டும், அச்சகத்துக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள். ‘ஒரு பிள்ளைக்காக’ என்று சொல்லாதீர்கள். மாற்றுத்திறன் காரணமாகக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் கூடாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. சேர்த்துவிட்டு, வாசிக்க முடியாத குறிப்பைக் கொடுத்தால் அவள் எப்படிப் படிப்பாள்? மற்றப் பிள்ளைகளுக்கும் இதில் லாபம்தான்: யுனிகோட் குறிப்பில் ஒரு சொல்லைப் போனிலேயே தேடி எடுக்கலாம்.

கொட்டகலை: ஸ்கேன் செய்த பழைய வினாத்தாள்?

பதில்: அதுவும் படம்தான். தலவாக்கலைக்குச் சொன்னதைப் பாருங்கள். தயவுசெய்து இதை மறுபடி கேட்காதீர்கள்.

வட்டவளை: எந்த டேட்டா பேக்கேஜ் மலிவு?

பதில்: போன் கடையில் கேளுங்கள் தம்பி.

ஹப்புத்தளை: வினாத்தாளில் இதயத்தின் படம் வருகிறது. அதற்கு விளக்கம் எப்படி எழுதுவது?

பதில்: நல்ல கேள்வி. ‘இதயத்தின் படம்’ என்று மட்டும் போட்டால் பிள்ளைக்குப் பிரயோசனமில்லை. ‘ஏ என்பது இடது சோணையறை’ என்று எழுதினால் விடையையே கொடுத்துவிடுவீர்கள். ‘நான்கு அறைகள் தெரியும் வெட்டுமுகம். ஏ என்ற அம்பு, பார்ப்பவருக்கு வலப்பக்கமுள்ள மேல் அறையைக் காட்டுகிறது’ என்று எழுதுங்கள். கண் தெரிந்த பிள்ளைக்குப் படம் தருகிற அதே தகவல், கூடவும் இல்லை குறையவும் இல்லை.