மனித உரிமைச் சட்டம் போனால் என் விசாவும் போய்விடுமா?

லண்டன் ஹரோவில் இருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "பத்து வருடம் முடிந்தபின் நிரந்தர வதிவிடம் கேட்கும் 'பத்து வருட வழியில்', இரண்டரை வருட விசாவில் இருக்கிறேன். மூத்த மகள் பிரிட்டிஷ் பிரஜை. மனித உரிமைச் சட்டத்தைத் தூக்கிவிட்டால் என்னைப் போன்றவர்களின் விசா செல்லாது என்று கோயிலில் கதைக்கிறார்கள். இப்போதே வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

சகோதரி, உங்கள் கையில் இருக்கும் விசா ஒரு அரசியல் மேடைப் பேச்சால் போகாது. கோயிலில் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950இல் கையெழுத்தானது. அதில் உள்ள உரிமைகளை இங்குள்ள நீதிமன்றங்களிலேயே கேட்க வழி செய்தது 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம். 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, குடிவரவு விதிகள். நீங்கள் அனுப்பிய ஹோம் ஆபிஸ் கடிதத்தின் முதல் பக்கத்தில் 'அப்பெண்டிக்ஸ் எஃப்எம்' என்று இருக்கிறதல்லவா? அது அந்த விதிகளில் ஒரு பகுதி. உடன்படிக்கையில் குடும்ப வாழ்க்கை பற்றிய 8ஆம் உறுப்புரையை மனதில் வைத்து எழுதியது என்றாலும், உங்களுக்கு விசா தந்தது அந்த விதிதான்.

மனித உரிமைச் சட்டம் மட்டும் போனால் என்ன ஆகும்? அது வருவதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தால் புரியும். 1987இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர், தங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த உடன்படிக்கை வழக்குகளைக் கேட்கும், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை அமைப்பிடம் போனார்கள். உடன்படிக்கையைக் காட்டி லண்டன் நீதிமன்றத்தில் நேரடியாக உரிமை கேட்க அப்போது வழியில்லை. 1988 பெப்ரவரியில் அவர்களை அனுப்பியும் விட்டார்கள். தீர்ப்பு வந்தது 1991இல், அதுவும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. உரிமை காகிதத்தில் இருந்தது, ஆனால் கேட்கப் போக வேண்டிய கதவு அவ்வளவு தூரத்தில் இருந்தது. அந்தக் கதவைப் பக்கத்தில் கொண்டுவந்த சட்டம் இது. அதை இழக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து, அதை மறைக்கவில்லை.

இந்தச் சட்டம் நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் பாலியல் குற்றங்களைப் பொலிஸ் சரியாக விசாரிக்கவில்லை என்று பாதிக்கப்பட்ட இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இதே சட்டத்தின் கீழ்தான்.

இதை மாற்றும் பேச்சு புதிதும் இல்லை. கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்த டேவிட் கேமரன் 2006லேயே 'பிரிட்டிஷ் உரிமைச் சாசனம்' வேண்டும் என்றார். 2022 ஜூன் 22 அன்று அப்போதைய நீதி அமைச்சர் டொமினிக் ராப் அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வழக்குப் போடும் முன்பே பெரிய பாதிப்பு இருப்பதைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது அதில் ஒரு ஏற்பாடு. அது விவாதத்துக்கே வராமல் 2023 ஜூனில் கைவிடப்பட்டது. இப்போது வாதம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. உடன்படிக்கையை விட்டே விலகுவோம் என்று கன்சர்வேட்டிவ் கட்சி 2025 அக்டோபரில் அறிவித்தது. ரிஃபார்ம் யுகே கட்சியும் அதையே சொல்கிறது. லேபர் அரசு விலகமாட்டோம், 8ஆம் உறுப்புரையைப் பயன்படுத்தும் விதத்தை இறுக்குவோம் என்கிறது.

விலகுவதென்றாலும் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வட அயர்லாந்தில் சமாதானம் கொண்டுவந்த 1998ஆம் ஆண்டு பெரிய வெள்ளி உடன்படிக்கைப்படி, வட அயர்லாந்துச் சட்டத்தில் இந்த உரிமைகள் இருந்தாக வேண்டும். அந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பார்கள் என்பதும் பெரிய கேள்விதான்.

சரி, நீங்கள் கவலைப்பட வேண்டியது எது? குடிவரவு விதிகள். மனித உரிமைச் சட்டத்தை நீக்கப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டமே வேண்டும், சத்தம் இல்லாமல் நடக்காது. விதிகளை அப்படியில்லாமல் சுலபமாக மாற்றலாம். நிரந்தர வதிவிடத்துக்கான பொதுக் காலத்தை 5 வருடத்திலிருந்து 10 ஆக்கும் யோசனை அரசு தன் திட்டங்களைச் சொல்லும் 2025 மே வெள்ளை அறிக்கையில் வந்தது. மேடைப் பேச்சைவிட அந்த மாதிரி அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

பயத்தில் வேறு விசாவுக்குத் தாவ வேண்டாம். பத்து வருடக் கணக்கு குழம்பிவிடலாம். விசா முடிவதற்கு ஒரு நாள் முன்பு என்றாலும் சரி, முடியும் முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அப்படிப் போட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடரும். பிந்தினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் கட்டண விலக்குக் கேட்கலாம். அதையும் விசா முடியும் முன்பே கேளுங்கள்.

அப்புறம், பழைய பிஸ்கட் டின்னில் எல்லாக் காகிதத்தையும் போட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதிலிருந்து மகள் சம்பந்தமானவற்றைத் தனியாகப் பிரித்து எடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் வந்ததாகப் பள்ளி தரும் கடிதம், ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) கூட்டிப்போனது நீங்கள் என்று காட்டும் கடிதம், உங்கள் பெயரில் கவுன்சில் டாக்ஸ் பில். மகளை வளர்ப்பது நீங்கள்தான் என்று காட்டுவது இவைதான். விண்ணப்பத்தை நிரப்ப உதவி தேவையென்றால் சொலிசிட்டரிடம் போங்கள், அல்லது குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் பார்த்துவிட்டு ஆலோசகரிடம் போங்கள்.