பூட்டில்லாத போன் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

திருமணமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய வாட்ஸ்ஆப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். தினமும் படிக்கிறேன். ஃபேஸ்புக்கில் யார் படத்துக்கு லைக் போடுகிறாள், இன்ஸ்டாகிராமில் புதிதாக யாரைப் பின்தொடர்கிறாள் என்றும் பார்க்கிறேன். இதுவரை தப்பாக ஒன்றுமே இல்லை. இருந்தும் நிறுத்த முடியவில்லை. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று எங்காவது இருந்தால், அதில்தான் விஷயம் இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. போன் பேச்சுகளையும் பதிவு செய்யும் ஒரு ஆப் இருப்பதாக நண்பன் சொல்கிறான். கணவன் மனைவிக்குள் ரகசியம் எதற்கு என்றும் நினைக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடவா, இல்லை சத்தமில்லாமல் நிறுத்திவிடவா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. குடும்ப ஆலோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததற்குக் காரணம் ஒரே ஒரு வரி. ‘தப்பாக ஒன்றுமே இல்லை, இருந்தும் நிறுத்த முடியவில்லை.’ அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். கொஞ்ச நாளாக அதையே நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

முதலில் அந்த நண்பரின் யோசனையைத் தூக்கிப் போடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் அவர் போனில் வேவு ஆப் போடுவது பல நாடுகளில் குற்றம். அந்த ஆப்களை நடத்துகிறவர்களும் யோக்கியர்கள் இல்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஸ்பைஃபோன் என்ற ஆப்பை நடத்திய நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலே செய்யக்கூடாது என்று தடுத்தது. அடுத்தவர் போனிலிருந்து உருவிய தகவல்களை அவர்கள் ஒழுங்காகப் பூட்டிக்கூட வைக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உங்கள் மனைவியின் பேச்சை எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க உங்களுக்குச் சம்மதமா? சரி, அதை விடுங்கள். நண்பரையும் கொஞ்ச நாள் விடுங்கள்.

ஃபேஸ்புக் லைக், இன்ஸ்டாகிராம் பின்தொடர்தல் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதில் பேச ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் படித்தும் ஏன் நிற்கவில்லை தெரியுமா? இருக்கும் ஒன்றைப் போன் காட்டும். இல்லாத ஒன்றை ‘இல்லை’ என்று அதனால் ஒருநாளும் காட்ட முடியாது. ஆயிரம் செய்திகள் படித்தாலும் ‘வேறு எங்காவது இருக்கும்’ என்று மனது சொல்லும். வாட்ஸ்ஆப்பில் இல்லையென்றால் வேறு ஆப்பில், அதிலும் இல்லையென்றால் நீக்கிய செய்தியில். எழுத்துப்பிழைக்காக நாம் எத்தனை செய்திகளை நீக்குகிறோம்! கணக்கை முடிக்கும் கடைசி எண் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே ஏமாற்றப்பட்டு, அதற்குப் பிறகும் கூடவே வாழத் தீர்மானித்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை, அவர்கள் நிலைமை வேறு. உங்களிடம் இருப்பது கவிழ்த்து வைத்த ஒரு போன் மட்டும்தான்.

நீங்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. பியூ ஆய்வு மையம் 2019 அக்டோபரில் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், துணை இருக்கிறவர்களில் 34 சதவீதம் பேர் துணைக்குத் தெரியாமல் அவர் போனைப் பார்த்ததாக ஒத்துக்கொண்டார்கள். பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 25. அப்படிப் பார்ப்பது சரியா என்று கேட்டதற்கு, பத்தில் ஏழு பேர் பெரும்பாலும் சரியில்லை அல்லது ஒருபோதும் சரியில்லை என்றார்கள். ஆக, தப்பு என்று தெரிந்தே பார்க்கிறோம். அந்த 42 பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன்.

2014 கடைசி. வாட்ஸ்ஆப்பில் நீல டிக் வந்த புதிது. அதுவரை பதில் வராவிட்டால் ‘பார்த்திருக்க மாட்டார்’ என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். நீல டிக் அந்தச் சந்தேகத்தின் பலனை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒரு நாள் மாலை என் கணவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகின. பதில் இல்லை. அவர் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று காட்டியது. மூன்று மணி நேரம் திறந்து திறந்து பார்த்தேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்து, அவர் தூங்கிய பிறகு, அவர் விரல் ஒன்பது புள்ளிகளில் இழுக்கும் பேட்டர்னை நினைவிலிருந்து போட்டுப் போனைத் திறந்தேன்.

பெண் யாரும் இல்லை. அவருடைய கல்லூரி நண்பர். இரண்டு மாதம் முன்பு வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் ஆபீசுக்குப் போகிறவர் மாதிரியே கிளம்பி, ஒரு நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். ‘இன்னிக்கு ரொம்ப முடியலடா’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பதில் வராத அந்த மூன்று மணி நேரமும் இவர் அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை இப்போது எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஒருவர் தவித்துத் தவித்து எழுதியதை முழுக்கப் படித்துவிட்டு, அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் தினமும் படிக்கிறீர்களே தம்பி, அதில் உங்கள் மனைவி எழுதியது எவ்வளவு, அவருக்கு மற்றவர்கள் எழுதியது எவ்வளவு என்று என்றைக்காவது பார்த்தீர்களா? பாதிக்கு மேல் மற்றவர்களுடையதாகத்தான் இருக்கும். அவருடைய தங்கை, ஆபீஸ் தோழி, பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. யாருக்கோ மருத்துவப் பரிசோதனை முடிவு வந்திருக்கும். யாரோ வீட்டை விட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர்களெல்லாம் உங்கள் மனைவியை நம்பி எழுதினார்கள். உங்களை நம்பி எழுதவில்லை. கணவன் மனைவிக்குள் ரகசியம் எதற்கு என்கிறீர்கள். மனைவி தன் ரகசியத்தை உங்களுக்குத் தரலாம், தராமலும் இருக்கலாம், அது உங்கள் இருவர் பாடு. தங்கையின் ரகசியத்தை உங்களுக்குத் தர அவருக்கே உரிமை கிடையாது. அவரே தர முடியாததை நீங்கள் லேப்டாப்பில் எடுத்துக்கொள்கிறீர்கள். 2016-லிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும், அந்த நிறுவனம்கூட, செய்தியைப் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய பூட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

எல்லாக் குடும்பத்திலும் மற்றவர்கள் வந்து அழுதுவிட்டுப் போகிற ஒரு ஆள் இருப்பார். அந்த ஆள் போனைக் கவிழ்த்துத்தான் வைப்பார். என்ன மறைக்கிறார் என்று நினைக்கிறோம். யாரை மறைக்கிறார், எதற்காக என்று யோசிப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அந்த நண்பர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆண்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நானும் அந்தப் பெண்ணும் மட்டும். சந்தேகம் தீர்ந்ததில் எனக்கு எல்லோர் மேலும் அன்பு பொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்: “கவலைப்படாதீங்க. சீக்கிரமே வேற வேலை கிடைச்சிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். “யாருக்கு?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் என்னென்னவோ உளறினேன். பயனில்லை. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அந்த நண்பர் என் கணவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். ‘உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்.’ பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அவருக்கு வேலை கிடைத்ததை ஒரு வருடம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டோம்.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. அன்றிரவே போனில் இருந்த லாக்கை எடுத்துவிட்டு, மேஜைமேல் வைத்து, “இனிமே எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கோ” என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தன் நண்பர்கள், தம்பி, எல்லோரிடமும் அவர் சொல்லி வைத்திருக்கிறார்: போனில் எதுவும் எழுதாதே, நேரில் வா.

உங்கள் கேள்வியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். சொல்லிவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் லேப்டாப்பில் லாக் அவுட் செய்யுங்கள், பிறகு அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நிறுத்தினால் என்றைக்காவது ஒரு நாள், என்னைப் போலவே, உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாத ஒன்று வாயிலிருந்து வந்துவிடும். ‘நீ ஏன் கவிழ்த்து வைத்தாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். நான்கு மாதம் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். யார் யார் செய்தியைப் படித்தீர்கள் என்றும் சொல்லுங்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று அவர் முடிவு செய்யட்டும். கோபப்படுவார். ஒருவேளை சில நாள் உங்களோடு இருக்கவே மாட்டார். அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பதிலுக்கு உங்கள் பாஸ்வேர்டை நீட்டி ‘நீயும் பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இதை எழுதும்போது என் கணவரின் போன் பக்கத்து மேஜையில்தான் கிடக்கிறது. லாக் கிடையாது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். பாங்க் செய்திகள், விளம்பரங்கள், நான் அனுப்பிய ‘எப்ப வருவீங்க?’

அன்புடன்,
அக்கா