கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வாராவாரம் வந்த வேலையின்மை கிளெய்ம் (வேலை இழந்தோர் உதவித்தொகை கேட்டுச் செய்யும் கோரிக்கை) எண்ணிக்கையை நம்பலாமா?

புதிய கிளெய்ம், அதாவது முதல்முறை விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். தொடரும் கிளெய்ம், அதாவது அதன்பின் வாராவாரம் பணம் கோருவதன் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்குக்குள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் பங்குச்சந்தைக்காகவோ படிப்புக்காகவோ இந்தத் தரவைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை காலை 8.30 மணிக்குத் தொழிலாளர் துறை வெளியிடும் அறிக்கைதான் அது. 2020 மார்ச் 21இல் முடிந்த வாரத்துக்கு முதலில் சொன்ன புதிய கிளெய்ம் எண்ணிக்கை சுமார் 33 லட்சம். அதுவரை இருந்த உச்சம் 1982 அக்டோபரில் வந்த 6,95,000. அதற்கடுத்த வாரமே 66 லட்சத்தைத் தாண்டியது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், வேலை போனது உண்மை.

எனக்கும் போனது. ஓட்டல் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அறைகள் காலியானதும் எங்கள் பிரிவையே அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்ததால் அன்எம்ப்ளாய்மென்ட்டுக்கு விண்ணப்பித்தேன். மாநிலத்தின் இணையதளம் பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவழியாகப் பதிவான பிறகு, ஸ்டேட்டஸ் "பென்டிங்" என்றே கிடந்தது. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பாள். காத்திருப்பு இசை ஓடும், பிறகு அதுவாகவே துண்டித்துவிடும். நான் ஒரு நோட்டில் தேதி, உறுதிப்படுத்தல் எண், யார் பேசினார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்தேன். பிறகு அந்த நோட்டுதான் உதவியது.

பணம் கிடைக்க வாராவாரம் சான்றளிக்க வேண்டும். வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா, வந்த வேலையை மறுத்தீர்களா, ஏதாவது சம்பாதித்தீர்களா என்று கேட்பார்கள். என் கிளெய்ம் ஒப்புதலாகும்வரை அந்தப் பக்கமே எனக்குத் திறக்கவில்லை. திறந்தபோது விட்டுப்போன வாரங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. ஒரே மாலையில் எல்லாவற்றுக்கும் சான்றளித்தேன். தொடரும் கிளெய்ம் என்பது கோரப்பட்ட வாரங்களின் எண்ணிக்கை. ஆகவே கையில் காசில்லாமல் இருந்த வாரங்களில் நான் அந்தக் கணக்கிலேயே இல்லை. பிறகு ஒரே வாரத்தில் பல பேராக ஆகிவிட்டேன்! நாடு முழுக்க இப்படி நடந்தது. தேங்கிய கிளெய்ம்களால் இந்த எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகக் காட்டவில்லை என்று அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவும் 2020 நவம்பரில் சொன்னது.

இதை வைத்து "எல்லாம் பொய்க் கணக்கு" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அலுவலக ஊழியர்களையும் நான் திட்டவில்லை. பல மாநிலங்களின் கணினி அமைப்பு அவ்வளவு பழையது. கோபோல் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று அப்போதைய நியூ ஜெர்ஸி ஆளுநர் பில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டார். "வாரம் 600 டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாய்தானே" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். கொரோனாவுக்காக மத்திய அரசு கூட்டிக் கொடுத்த அந்த 600, 2020 ஜூலை கடைசியோடு நின்றது. அடிப்படைத் தொகையோ முதலாளி கட்டும் வரியிலிருந்து வரும் காப்பீடு. பிச்சை இல்லை.

அதைவிட எனக்கு ஆறாத விஷயம் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களின் நிலை. அவர்களுக்காகவும் நிறுவனம் அந்த வரியைக் கட்டுகிறது. ஆனால் வேலை போனால், வேறு வேலைக்குச் சுதந்திரமாகப் போக முடியாதவர் என்று சொல்லிப் பெரும்பாலும் பணம் மறுக்கப்படும். வேறு நிறுவனம் கிடைக்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். என் நண்பன் ஒருவன், வாடகை ஒப்பந்தமும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருக்க, அந்த 60 நாளை விமானங்களே ஓடாத காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். கிடைக்காது என்று தெரிந்து விண்ணப்பிக்கவே இல்லை. வியாழக்கிழமை எண்ணிக்கையில் அவன் எங்கே இருக்கிறான்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பருவகாலத் திருத்தம் (ஆண்டுதோறும் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பது) செய்யாத எண்ணிக்கையை எடுங்கள். எண்ணிக்கை இவ்வளவு ஏறியபோது பழைய திருத்த முறை அதை இன்னும் ஊதிவிட்டது என்பதால் 2020 செப்டம்பரில் அந்த முறையையே மாற்றினார்கள். அப்புறம், சுயதொழில் செய்வோர் போன்றவர்களுக்காக அப்போது இருந்த பியுஏ என்ற தற்காலிக உதவித் திட்டத்தின் கிளெய்ம்கள் தலைப்புச் செய்தி எண்ணிக்கையில் வரவில்லை, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.