அரசு செய்வது பிடிக்கவில்லை என்றால் வருமான வரி கட்ட மறுக்கலாமா?

சட்டப்படி முடியாது. வரி மறுப்பு என்பது கொள்கைக்காக வெளிப்படையாக "கட்ட மாட்டேன்" என்பது; வருமானத்தை மறைப்பது ஏய்ப்பு. இரண்டுமே வட்டி, அபராதம், ஜப்தி, சிறை வரை கொண்டுபோகலாம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. சட்டம் இருந்துவிட்டால், மனச்சாட்சிக்கென்று விலக்கு கிடையாது. கணக்கில் தகராறு என்றால் மேல்முறையீடு செய்யலாம்.

சரி, தர்மப்படி? எங்கள் குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் மண். அங்கே ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் தலைக்கரம் என்று ஆளுக்கு ஒரு வரி பிடுங்கினார்கள். எதிர்த்துக் கேட்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. அந்த வரியை மறுத்தவர் யாராக இருந்தாலும் நான் அவர் பக்கம்தான். 1928இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் நிலவரி கட்ட மறுத்தபோதும், நிலமும் மாடும் ஜப்தியானதைத் தாங்கிக்கொண்டார்கள்.

இன்று நமக்கு ஓட்டு இருக்கிறது. எங்கள் பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் வழியே கடைமடை வரை போகிறது. தண்ணீர் திறந்துவிடும் அதிகாரியோடு கோபம் என்று மேல்மடைக்காரர் நாலு வெட்டு மண்ணைப் போட்டு வாய்க்காலை அடைத்தால், கருகுவது அதிகாரியின் வயலா? கடைமடைக்காரரின் நாற்று. வரியும் அப்படித்தான், அடி விழுவது அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு.

அப்புறம், வருமான வரியில் நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய "பழைய வரி முறை"யில் எல்ஐசி பிரீமியம், வீட்டுக்கடன் காட்டி வரியைக் குறைப்பதும் தப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். அது மறுப்பும் அல்ல, ஏய்ப்பும் அல்ல, சட்டமே தந்திருக்கும் கழிவு.