கறுப்பு பெல்ட் வாங்கினால் கராத்தே மாஸ்டர் ஆகிவிடலாமா?

ஆக முடியாது. முதல் கறுப்பு பெல்ட்டுக்கு 'ஷோடான்' என்று பெயர், ஜப்பானிய மொழியில் தொடக்கப் படி என்றுதான் அர்த்தம். அடிப்படை அசைவுகள் பழகிவிட்டன, இனிதான் பாடமே. ஊட்டிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: லைசென்ஸ் வாங்கிய மறுநாளே கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் யாராவது இன்னொருவருக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவார்களா? தான் உதைப்பது வேறு, எதிரே நிற்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு இடுப்பு ஏன் திரும்பவில்லை என்று கண்டுபிடிப்பது வேறு. அந்தக் கண் வர வருடக்கணக்கில் ஆகும். குன்னூரில் எனக்குச் சொல்லித்தந்தவர் அறுபது வயதிலும் காலைக் குளிரில் முதல் கட்டாவை (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடரை) செய்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார். அப்புறம், கராத்தே ஆசிரியரை அழைக்கும் 'சென்செய்' என்றால் சண்டையில் தோற்காதவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் பள்ளி ஆசிரியரையும் மருத்துவரையும்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள்.